அழகனுக்குக் காய்ச்சல்

எங்கள் தோட்டத்தில் ஒரு காரியம் நடக்க வேண்டுமென்றால், அது நடக்காமல் போவதற்குரிய ஏற்பாடுகளையெல்லாம் முதலில் முறைப்படி செய்து முடிக்க வேண்டும். அதற்கென்றே பெரிய துரை ஒருவர், அவருக்குக் கீழே பெரிய கிளாக்கர் ஒருவர், அவருக்குக் கீழே கணக்கப்பிள்ளை ஒருவர் என்று மேலிருந்து கீழாக ஆட்கள் சம்பளத்துக்கு இருந்தார்கள். அவர்களுக்குக் கீழே நாங்கள் இருந்தோம். எங்களுக்குக் கீழே தேயிலை இருந்தது.

பூண்டுலோயாவிலிருந்து மேலே ஏறினால் வருகிற அந்தத் தோட்டத்துக்குத் துரைமார் வைத்த பெயர் 'கிளென்ஃபர்கஸ் அண்ட் அப்பர் கிளென்ஃபர்கஸ் குரூப்'. நாங்கள் குருவிமலை என்போம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நடந்த கூத்துக்கெல்லாம் அந்த நீளப் பெயர்தான் காரணம். குருவிமலை என்று விட்டிருந்தால் பலகை சின்னதாக முடிந்திருக்கும். துரைமாருக்கு எதையும் சின்னதாக முடிக்கத் தெரியாதே!

சுதந்திரம் வந்து இரண்டொரு வருஷம் இருக்கும். யுத்தத்துக்கு வந்த பட்டாளம் விட்டுப் போன லொறி ஒன்றைக் கம்பனி கொழும்பில் ஏலத்தில் எடுத்தது. சாதாரண லொறியா அது! நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். சேறு, கல், ஓடை எது வந்தாலும் நிற்காமல் ஏறும். எங்கள் சின்னராசாதான் டிரைவர். கொழும்பிலிருந்து அதை ஓட்டிக்கொண்டு வந்தவனும் அவனே. இறம்பொடை வளைவுகளில் மற்ற லொறிகளெல்லாம் மூடியைத் திறந்து போட்டுக்கொண்டு தண்ணீர் தண்ணீர் என்று நிற்க, இது பாட்டுக்கு முனகலே இல்லாமல் ஏறி வந்ததாம். அதன் அழகைப் பார்த்து, தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயத்துச் சனங்கள் 'அழகன்' என்று பேர் வைத்தார்கள்.

பெரிய துரையின் பெயர் ஹாமில்டன். அழகனைச் சுற்றி வந்து பார்த்தவர், அதன் மேல் தன் தோட்டத்தின் பெயர் எங்கேயும் இல்லையே என்று மனம் வாடினார். உடனே தச்சனைக் கூப்பிட்டார். நல்ல தேக்குப் பலகை அறுத்து, தோட்டத்தின் முழுப் பெயரையும், அதன் கீழே துரையின் முழுப் பெயரையும், அவர் படித்த படிப்புகளையும், வாங்கிய பதக்கங்களையும் பித்தளை எழுத்தில் பதித்தார்கள். அவ்வளவு பெரிய பலகை லொறியில் ஒரே ஓர் இடத்தில்தான் பொருந்தியது. முன்பக்கம், ரேடியேட்டருக்குக் காற்றுப் போகிற கம்பி வலையை ஓரம் விடாமல் மூடி, போல்ட் போட்டு முறுக்கினார்கள். துரை தள்ளி நின்று பார்த்து, "நல்லது! நல்லது!" என்றார்.

மறுநாள் அழகன் கொதித்தான்.

பலகைக்கும் கொதிப்புக்கும் முடிச்சுப் போட்டிருப்பீர்கள். நீங்கள் தோட்டத்தில் வேலை செய்தவரில்லை. எங்கள் தோட்டத்தில் ஒரு பழுதைத் தேடும்போது துரையின் பெயர் இருக்கிற பக்கம் யாருடைய கண்ணும் போகாது. பழக்கம் அப்படி. லொறியின் பின்பக்கம் தேடினார்கள், அடியில் தேடினார்கள், சின்னராசாவின் சட்டைப் பையில்கூடத் தேடினார்கள்.

இதற்குள் கொழும்புக் கம்பனி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. லொறி வாங்கத்தான் அனுமதி உண்டு, வைத்துப் பராமரிக்க இல்லையாம். பெரிய கிளாக்கர் சூசைரட்ணம் ஐயா பொல்லாத ஆள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு யோசித்தார். தோட்டத்தில் ஆட்களைப் பராமரிக்க அனுமதி உண்டு. ஆகவே லொறியை ஆளாகப் பதிந்துவிட்டால் தீர்ந்தது.

"பேரு?"

"அழகனுங்க" என்றான் சின்னராசா.

"தகப்பன் பேரு?"

"மிலிட்டரிங்க."

"பொறந்த ஊரு?"

"சீமையில செஞ்சதுன்னு சொன்னாங்க ஐயா."

கிளாக்கர் ஐயாவின் குரலில் உடனே ஒரு மரியாதை வந்துவிட்டது. சீமையில் பிறந்த அழகனுக்கு அரசாங்கமே நம்பர் கொடுத்து, நெற்றியிலும் முதுகிலும் எழுதிக்கொள்ளச் சொல்லியிருந்தது. இந்த மண்ணிலேயே பிறந்த சின்னராசாவைத்தான் நீ இந்த நாட்டுக்காரனா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்க வைத்திருந்தார்கள்.

"ஒன் கூட யாரு இருக்காங்க, குடும்பம்?" என்று கேட்டார் ஐயா. கேட்டது லொறியை.

லொறி பேசாமல் நின்றது.

"நாந்தாங்க எப்பவும் அது கூட இருக்கேன்" என்றான் சின்னராசா, சும்மா கிடந்த சங்கை ஊதின கதையாக. ஐயா அவனையும் அழகனின் குடும்பத்து ஆளாகப் பதிந்துவிட்டார். எங்கள் தோட்டத்தில் குடும்பத் தலைவனை வேலையிலிருந்து நிறுத்திப் பற்றுச்சீட்டுக் கொடுத்து அனுப்பினால், குடும்பமும் சட்டி பானையோடு லயத்தைக் காலி பண்ண வேண்டும். அப்போது அது சின்னராசாவுக்கு உறைக்கவில்லை. அவன் மனசெல்லாம் மேல்கணக்கில் இருந்தது.

மேல்கணக்கு என்பது மலைக்கு மேலே இருக்கிற பிரிவு. அங்கே பொன்னையா கங்காணியின் மகள் ராசம்மா கொழுந்தெடுத்தாள். வாயும் கையும் ஒன்றுக்கொன்று போட்டி போடுகிற பெண். அவளுக்கும் சின்னராசாவுக்கும் பேசி முடித்து, ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தமும் வைத்தாயிற்று. பொன்னையா கங்காணி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"மாப்ளே, லொறி டிரைவருன்னுதான் பொண்ணு குடுக்கிறேன். லொறியிலதான் வரணும். நடந்து வந்தீங்கன்னா, நடந்தே திரும்பிப் போயிரலாம்."

ஆள் என்று பதிந்த பிறகு அழகனும் விடியற்காலையில் பெரட்டுக்கு வர வேண்டியதாயிற்று. ஆட்களைக் கூட்டி வைத்து வேலை பிரிக்கிற அந்தப் பெரட்டுக் களத்தில், காளியாயிக்கும் செல்லசாமிக்கும் நடுவில் இடம் விட்டு லொறியை நிறுத்தினார்கள். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவார்.

"காளியாயி!"

"இருக்கேங்க."

"அழகன்!"

சின்னராசா ஹோர்னை அமுக்குவான். "பாம்!"

ஒரு நாள் ஹோர்ன் வேலை செய்யவில்லை. லொறி கண் முன்னே மலை மாதிரி நிற்கிறது. கணக்கப்பிள்ளை ஆள் வரவில்லை என்று முடிவு செய்து அடுத்த பேருக்குப் போய்விட்டார். வேறொரு நாள் தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு நானுஓயாவில் கோச்சி, அதாவது ரயில், நிற்கிற ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், பாதி மலையில் கொதித்து நின்றுவிட்டான் அழகன். கணக்கப்பிள்ளை வந்து பார்த்தார்.

"பாதி வேலைதானே செஞ்சிருக்கான்? அரைப்பேரு. அர நாள் சம்பளந்தான்."

"ஐயா, அது லொறிங்க."

"அப்ப ஒனக்கும் அரைப்பேரு. குடும்பத்துல எல்லாருக்கும் ஒரே நியாயம்."

கொதிக்கிறவனுக்குக் காய்ச்சல் என்றுதானே பொருள்? காய்ச்சல்காரன் மருந்துத் துண்டு இல்லாமல் வேலையில் நிற்கக்கூடாது என்பது சட்டம். எனவே அழகன் தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில், கைப்பிள்ளைக்காரிகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றான். மருந்தையா றோலண்ட் வெளியே வந்தார். அவரிடம் எந்த நோய்க்கும் ஒரே மருந்து, விளக்கெண்ணெய். கால் முறிந்தவனுக்கும் அதைத்தான் கொடுப்பார். குடித்தவன் முறிந்த காலோடு ஓடுவான்.

"வாயத் தொறக்கச் சொல்லு" என்றார் மருந்தையா.

சின்னராசா பானட்டைத் திறந்தான். ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திருகி எடுத்தான். மருந்தையா காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டார். குழாய் 'டப்' என்று வெடித்தது. இருபது வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு காய்ச்சலைக் கண்டதில்லை என்று அவர் பூரித்துப் போனார்.

"நல்லவேளை, உசுரோட கொண்டாந்துட்டே. பச்சத்தண்ணி காட்டாதே. ஒரு போத்தல் வெளக்கெண்ண. ராத்திரிக்குக் கஞ்சி, உப்புப் போட்டு."

"எங்கயுங்க ஊத்துறது?"

"வாயிலதான்டா!"

மருந்தையா முன் நின்று ஊற்ற வைத்தார். அன்று அழகன் புறப்பட்டுத் தொழிற்சாலை வளைவு தாண்டியதும் கஞ்சி பொங்கியது. பொங்கல் பானை கெட்டது போங்கள்! மூடி வானத்துக்குப் பறக்க, விளக்கெண்ணெய் வாசத்தோடு கஞ்சி மழை பெய்தது. வழியில் கொழுந்து நிறுக்க நின்ற பெண்கள் "பொங்கலோ பொங்கல்!" என்று குலவை போட்டார்கள். கூட்டத்தில் ராசம்மாவும் நின்றாள். தலையில் கஞ்சி வழிய நின்ற வருங்காலப் புருஷனைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏங்க, உப்புக் கம்மியா இருக்கே!"

சின்னராசாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "சிரி, சிரி. ஞாயித்துக்கெழம இது மேலே ஏறலைன்னா ஒங்கப்பா என்னாத்தச் செய்வாரோ!"

கஞ்சி துரையின் காது வரைக்கும் போய்விட்டது. தொழிற்சாலை முற்றத்தில் விசாரணை வைத்தார்கள். நடுவில் அழகன். அழகனுக்கு எதிரே நாற்காலியில் துரை. தன் பெயர் பளபளவென்று இருக்கிறதா என்று பலகையை ஆசையோடு பார்த்தபடியே அவர் இங்கிலீசில் பேச, கிளாக்கர் ஐயா செந்தமிழில் மொழிபெயர்த்தார்.

"துரையவர்கள் சொல்வதாவது. இந்த லொறி எங்கள் தேசத்தில் பிறந்தது. அங்கே அது கொதித்ததாக வரலாறே கிடையாது. யுத்த களத்தில் குண்டு விழுந்தபோதும் அது கொதிக்கவில்லை. இங்கே வந்து உங்களோடு பெரட்டில் நின்ற பிறகுதான் கொதிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. ஆகவே கோளாறு இயந்திரத்தில் இல்லை, சகவாசத்தில். நான் இதன் ஒவ்வோர் அங்கத்தையும் நேரில் பரிசோதித்தேன். பழுதே இல்லாத பாகம் என்று ஒன்றைத்தான் கண்டேன். அது பலகை."

நாங்கள் கை தட்டினோம். தட்டச் சொல்லிக் கணக்கப்பிள்ளை கண் காட்டினார்.

"டிரைவர் என்ன சொல்லுகிறான்?" என்றார் துரை.

பாவம் சின்னராசா, என்னதான் சொல்வான்! அவனுக்கு ஓட்டத் தெரியுமே தவிர உள்ளே நடப்பது ஒன்றும் தெரியாது. "தொரைகளே, மேட்டுல ஏறுறப்ப மூச்சு முட்டுறாப்ல ஒரு சத்தம் போடுதுங்க."

"மூச்சா?" என்று எழுந்தார் மருந்தையா. "அப்பவே நெனச்சேன். நெஞ்சுச் சளி!"

நெஞ்சுச் சளிக்குக் குளிர் காற்றுப் படக்கூடாது. தோட்டத்தில் ஆளுக்கொரு கம்பளி கொடுப்பார்கள், அழகனும் ஆள்தான். கறுப்புக் கம்பளியைக் கொண்டுவந்து மூக்கைச் சுற்றிப் போர்த்தி, துரையின் பெயர் மறையாதபடி பலகையை அதற்கு மேலே வைத்து முறுக்கினார்கள். அழகன் அன்றைக்கு முற்றத்தைத் தாண்டுவதற்குள்ளேயே கொதித்தான்.

துரைக்குக் கோபம் வந்துவிட்டது. தீர்ப்புச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பரீட்சை. பாரத்தோடு அழகன் கீழ்க்கணக்கிலிருந்து மேல்கணக்கு வரைக்கும் ஏற வேண்டும். துரை மேலே நின்று பார்ப்பார். கொதித்துக்கொண்டு வந்தால் அழகனுக்குப் பற்றுச்சீட்டு.

"குடும்பத்தோட" என்று சேர்த்துக்கொண்டார் கிளாக்கர் ஐயா.

பாரத்துக்கு என்ன ஏற்றுவது என்று கேள்வி வந்தது. தேயிலை ஏற்றினால் நசுங்கும், உரம் ஏற்றினால் கொட்டும். ஐயா மறுபடியும் கண்ணாடியை ஏற்றினார். ஞாயிற்றுக்கிழமை கல்யாணக் கோஷ்டி மேலே போகிறது. வேலையில்லாத நாளில் வேலையில்லாத சனங்களின் பாரம். தோட்டத்துக்கு எந்த நஷ்டமும் இல்லை. "ஒன் கல்யாணத்துக்கு லொறி குடுத்திருக்கோம்" என்று சின்னராசாவிடம் சொல்லி, அதற்கு ஒரு கும்பிடும் வாங்கிக்கொண்டார்.

பொன்னையா கங்காணியும் அன்றைக்கே ஆள் விட்டுச் சொல்லி அனுப்பிவிட்டார். பற்றுச்சீட்டு வாங்கினவனுக்கு இந்த வாசலில் பெண் இல்லை. லொறி கொதித்தால் மாப்பிள்ளை பந்தலுக்கு வரவே வேண்டாம். அந்தச் சேதியைக் கேட்டு சின்னராசா சோறு தண்ணி இறங்காமல் கிடந்தான். வேலை, குடியிருக்கிற லயத்துக் காம்பரா, ராசம்மா மூன்றும் அந்தப் பாழாய்ப் போன ரேடியேட்டருக்குள்ளே கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை பனி விலகும்போது லொறி புறப்பட்டது. தப்பு மேளம், குழல், சீர்த்தட்டு, மஞ்சள் வேட்டியில் ஸ்டியரிங் பிடித்த மாப்பிள்ளை. நானும் பின்னால்தான் தொங்கிக்கொண்டு போனேன். முன்னாலே மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவன் சின்னம்மா காளியாயி, மடியில் புத்தம் புதிய மணையோடு உட்கார்ந்திருந்தாள். பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து தாலி கட்டுகிற அந்தப் பலகையை மாப்பிள்ளை வீட்டார் கொண்டுபோவது எங்கள் பக்கத்து முறை.

ஓடைப் பாலம் தாண்டிச் செங்குத்து மேடு தொடங்கியதும் அழகன் இருமினான். பிறகு புகைந்தான். பிறகு 'ஊ' என்று ஒரு கூச்சல் போட்டு நின்றே போய்விட்டான். கை பிரேக் பிடிக்கவில்லை. லொறி மெல்லப் பின்னால் உருளத் தொடங்கியது.

"கட்ட வையிங்கடா! கட்ட!" என்று அலறினான் சின்னராசா.

கல்லைத் தேடி ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். காளியாயி தேடவில்லை. குதித்து இறங்கி, கையில் இருந்ததைப் பின் சக்கரத்துக்கு அடியில் சொருகினாள். 'படார்!' லொறி நின்றது. மணை இரண்டாய்ப் பிளந்து கிடந்தது.

தப்பு நின்றது. குழலும் நின்றது. "அடி ஆத்தே!" என்று பெண்கள் வாயில் கை வைத்தார்கள். பிளந்த மணையில் பெண்ணை உட்கார வைத்தால் விளங்குமா? திரும்பிப் போய் வேறொன்று கொண்டுவர முகூர்த்தம் காத்திருக்குமா? சின்னராசா பாதையிலேயே குந்திவிட்டான். பெரிய ஆம்பிளை, மாலையும் கழுத்துமாக, தேம்பித் தேம்பி அழுதான்.

"எந்திரிடா" என்றாள் காளியாயி. "மாப்ள அழுதா மழ வரும்." சொல்லிக்கொண்டே லொறியைச் சுற்றி வந்தவள் முன்பக்கம் போனதும் நின்றாள். வெற்றிலையை ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்க்குத் தள்ளினாள். "ஏன்டா, இங்க ரெண்டு பேரு தாராளமா உக்கார்றாப்ல நல்ல தேக்கு மணை இருக்கு, நீ என்னாத்துக்கு அழுவுற?"

"சின்னம்மா! அது தொர பேரு!"

"பேருதானே? முள்ளா குத்தப் போவுது? ஸ்பேனர எடு."

நாங்களெல்லாம் இரண்டடி தள்ளி நின்றுகொண்டோம். காளியாயிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, அதனால் பயமும் தெரியாது. அவளே போல்ட்டைக் கழற்றினாள். இறுகிப் போன கடைசி ஒன்றைப் பாக்குவெட்டியால் நெம்பினாள். பலகை கையோடு வந்தது. கூடவே கம்பளியும் வந்தது. "குளிருக்கு ஆவும்" என்று அதைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

சின்னராசா விதியே என்று ரேடியேட்டரில் ஓடைத் தண்ணீரை ஊற்றினான். எத்தனையோ தரம் ஊற்றிப் பார்த்ததுதான், ஒரு நம்பிக்கையும் இல்லை. வண்டியைக் கிளப்பினான்.

அழகன் ஏறினான்! சாமி சத்தியமாகச் சொல்கிறேன், ஏறினான். மலைக்காற்று நேராக மூக்கில் புகுந்து போக, முதல் வளைவு, இரண்டாம் வளைவு, கோயில் வளைவு எல்லாவற்றையும் குதித்துக்கொண்டு கடந்தான். சூட்டு முள் அசையவே இல்லை. தப்புக்காரன் வெறி பிடித்தவன் மாதிரி அடித்தான். நாங்கள் லொறியிலேயே ஆடினோம். காரணம் என்ன என்று அந்த லொறியில் இருந்த எல்லாருக்கும் அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. துரை பெயர்தான் மூச்சை அடைத்தது என்று துரையிடம் போய் யார் சொல்வது? பூனைக்கு மணி கட்ட நாங்கள் என்ன முட்டாள்களா?

மேலே துரை, கிளாக்கர் ஐயா, மருந்தையா, பொன்னையா கங்காணி எல்லாரும் காத்து நின்றார்கள். ஆவி வருகிறதா என்று எல்லாருடைய கண்ணும் பானட்டுக்கு மேலேயே இருந்தது, கீழே இறங்கவில்லை. ஆவி இல்லாமல் வந்து நின்ற அழகனைப் பார்த்ததும் மருந்தையா ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"வெளக்கெண்ண! நான் சொன்னேனா இல்லியா? உள்ளுக்குப் போயி நிதானமா வேல செஞ்சிருக்கு!"

பொன்னையா கங்காணி மாப்பிள்ளையைக் கட்டிப் பிடித்துப் பந்தலுக்குக் கூட்டிப்போனார். காளியாயி பித்தளை எழுத்துக் குத்தாதபடி பலகையைக் குப்புறப் போட்டு வெள்ளை வேட்டி விரித்தாள். ராசம்மா அரக்குச் சேலையில் வந்து சின்னராசாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பூசாரி தாலித் தட்டை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்துத் துரைக்கு ஓர் ஆசை வந்தது. தேறி வந்த அழகனுக்கு, அதுவும் அந்தப் பலகைக்கு, தன் கையாலேயே மாலை போட வேண்டுமாம். மாலையோடு லொறிப் பக்கம் போனார். போனவர் போன வேகத்தில் திரும்பினார். முகம் தக்காளிப் பழமாக இருந்தது.

"பலகை எங்கே?"

காற்று மணையில் விரித்த வேட்டியின் ஓரத்தைத் தூக்கியது. தேக்கின் விளிம்பில் பித்தளை ஆணி ஒன்று மினுங்கியது. கிளாக்கர் ஐயாதான் முதலில் கண்டார்.

"நிறுத்துங்க! தொரையோட பேரு மேலயாடா குந்தியிருக்கே?"

பொன்னையா கங்காணி மணைக்கு ஓடி வந்தார். "எந்திரிடி ராசம்மா! எந்திரி!"

சின்னராசா பாதி எழுந்துவிட்டான். ராசம்மா அவன் வேட்டியைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"மணையில உக்காந்த பொண்ணு தாலி ஏறாம எந்திரிக்கக் கூடாதுப்பா. நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்." பிறகு துரையை நிமிர்ந்து பார்த்தாள். "தொரைகளே, சாதாப் பலகையில உக்காந்து கட்டுனா சாதாக் கல்யாணம். ஒங்க பேருல உக்காந்து கட்டுனா ஒங்களயே சாச்சி வச்சுக் கட்டுனாப்ல. அதாங்க."

துரை கிளாக்கர் ஐயாவைப் பார்த்தார். ஐயாவின் நெற்றி வியர்த்தது. கல்யாணக் கோஷ்டியைப் பாரமாக ஏற்றச் சொன்னது அவர்தானே? பலகை போன பழி சுற்றிச் சுற்றி யார் தலையில் விழும் என்று அவருக்குத் தெரியாதா? அவர் இங்கிலீசில் வெகுநேரம் சொன்னார். என்ன சொன்னாரோ, துரையின் முகத்தில் சிவப்பு இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மாலையைக் கையில் பிடித்தபடியே பேசத் தொடங்கினார்.

"துரையவர்கள் சொல்வதாவது. என் உள்ளம் நெகிழ்கிறது. கம்பனியானது என்றென்றும் தொழிலாளிக்கு அடியில் கிடந்து அவனைத் தாங்கியே வந்திருக்கிறது. இதை இதுவரை எவரும் புரிந்துகொண்டதில்லை. இன்று ஒரு பெண் புரிந்துகொண்டாள். நீங்கள் எங்கள் மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள். எவ்வளவு பாரம் ஆனாலும் நாங்கள் முனகியதில்லை. லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று நீங்கள் வந்து சொன்னபோதெல்லாம் பொறுமையாகக் கேட்டோம். கேட்டதோடு நிறுத்தியும் கொண்டோம். அந்தப் பொறுமையின் பெயர்தான் இந்தப் பலகையில் இருக்கிறது."

ராசம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று துரை நினைத்தார். தோள் குலுங்கியதை நாங்கள் பார்த்தோம். காளியாயி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். "நல்லது! நல்லது!" என்று துரை முடிக்கவும், பூசாரி கண் காட்டவும், கெட்டி மேளம் முழங்கியது. சின்னராசா மூன்று முடிச்சையும் ஒரே மூச்சில் போட்டான். துரை கையிலிருந்த மாலையை எங்கே போடுவதென்று தெரியாமல் பொன்னையா கங்காணி கழுத்தில் போட்டார்.

மறுநாள் உத்தரவு வந்தது. லொறிகளுக்கு விளக்கெண்ணெய் கட்டாயம். பலகை இனிமேல் தோட்டத்துக் கல்யாணங்களுக்கு மணையாகவும் பயன்படும். மணமக்கள் அதன் மேல் உட்கார்ந்து லொறியில் போகும்போது மட்டும் மூக்கிலிருந்து கழற்றலாம். மற்ற நேரமெல்லாம் அது மூக்கிலேயே இருக்க வேண்டும்.

அன்றைக்கே நானுஓயாவுக்குத் தேயிலைப் பெட்டி போக வேண்டியிருந்தது. பலகையை மறுபடியும் முறுக்கினார்கள். தொழிற்சாலை வளைவிலேயே அழகனுக்குக் காய்ச்சல். கோச்சி போய்விட்டால் கொழும்பிலிருந்து கிளாக்கர் ஐயாவுக்குத்தான் வசவு வரும். சின்னராசா தலையைச் சொறிந்துகொண்டு அவர் முன்னால் போய் நின்றான்.

"ஐயா, மணை வேணுங்க. கல்யாணம்."

"யாருக்கு?"

"எனக்குத்தாங்க."

ஐயா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "பொண்ணு?"

"ராசம்மாதாங்க."

"நேத்துத்தானேடா கட்டுனே?"

"கட்டுனவளையே கட்டக் கூடாதுன்னு உத்தரவுல இல்லீங்களே ஐயா."

ஐயா உத்தரவை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். இல்லைதான். "சரி, கட்டு" என்றார்.

அன்றிலிருந்து தேயிலை போகிற நாளெல்லாம் குருவிமலையில் கல்யாணம். கொழுந்து மலையிலிருந்து ராசம்மாவைக் கூப்பிடுவார்கள். பெட்டிகளுக்கு நடுவில் துரை பெயரைக் குப்புறப் போட்டு ராஜாத்தி மாதிரி உட்கார்ந்து அவள் போவாள். பெண் உட்கார்ந்தால் போதும், மாப்பிள்ளை ஓட்டலாம் என்று ஐயாவே பொருள் சொல்லிவிட்டார். அழகன் பனி மாதிரிக் குளிர்ந்து ஏறுவான். இத்தனை கல்யாணம் நடக்கிற தோட்டம் இலங்கையிலேயே இல்லை, தொழிலாளர் அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று கம்பனி துரைக்கு ஒரு பதக்கம் அனுப்பியது. துரை அதையும் பலகையில் பதித்துக்கொண்டார். பலகை இன்னும் கொஞ்சம் அகலமாயிற்று.

பதக்கம் பதித்த மறுநாளும் தேயிலை போக வேண்டியிருந்தது. சின்னராசா மலையடியில் நின்று ஹோர்னை அமுக்கினான். மேலே கொழுந்துக் கூடையோடு நின்ற ராசம்மா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"என்னாங்க, இன்னிக்கும் கல்யாணமா?"

"ஆமா! சொருக்கா வா, கோச்சி போயிரும்!"

"வாறேன், வாறேன். சேல மாத்த வேணாமா? எப்பவும் கட்டிக்கிற ஒங்களுக்கு வேணும்னா பழசா இருக்கலாம். எனக்கு ஒவ்வொரு தடவையும் புதுசாத்தாங்க இருக்கு!"